ஆம்ப்பும் அமுக்குகிறது: கிட்டார் கம்ப்ரசரை எங்கே வைப்பது, எவ்வளவு திருப்புவது?

கேள்வி கேட்ட நண்பரிடம் டெலிகாஸ்டர் வகைக் கிட்டார் ஒன்றும், 15 வாட் ட்யூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது) ஒன்றும், ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), டிலே (எதிரொலி தருவது) ஆகிய இரண்டு பெடல்களும் உள்ளன. புதிதாக ஒரு கம்ப்ரசர் பெடலும் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறுக்குவது) வாங்கியிருக்கிறார். கலப்படமில்லாத சுத்தமான ஒலியில் அது இனிமையாக இருக்கிறது என்கிறார். ஆனால் வாசிப்பை நிறுத்தியதும் இரைச்சல் மேலெழுகிறது. ஓவர்டிரைவை அழுத்தினால் ஒலி குழைந்து போகிறது. வீட்டில் பொருத்தமாக இருந்த அமைப்பு, டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும்போது பின்வாங்கிவிடுகிறது. பெடல் வரிசையில் இதை எங்கே வைப்பது, குமிழ்களை எப்படி அமைப்பது, வீட்டில் பதிவு செய்யும்போது மறுபடியும் கம்ப்ரஸ் செய்ய வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து. கம்ப்ரசரைத் தனித்து நிற்கும் ஓர் எஃபெக்டாக எண்ணிக்கொண்டு அமைக்கிறோம். ஆனால் ஓவர்டிரைவ் பெடலும், ட்யூப் ஆம்ப்பும், ஒலிபெருக்கியும் அதே வேலையைத் தத்தம் வழியில் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. கம்ப்ரசர் அந்தக் கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்ந்த உறுப்பினர். மற்றவர்கள் எவ்வளவு அமுக்குகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் இதற்கு எவ்வளவு வேலை கொடுப்பது என்று முடிவு செய்ய இயலும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். (இங்கே பேசுவது எம்பி3 கோப்புகளைச் சிறிதாக்கும் தரவுச் சுருக்கம் அன்று; ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறுக்கும் அமுக்கம்.) த்ரெஷோல்ட் என்னும் வரம்பை மைனஸ் 20 டெசிபலில் வைத்து, ரேஷியோவை 4:1 என்று அமைத்திருப்பதாகக் கொள்வோம். மைனஸ் 8 டெசிபல் அளவில் ஒரு ஒலி வந்தால், அது வரம்பைவிட 12 டெசிபல் கூடுதல். அந்தக் கூடுதலை நாலில் ஒன்றாக்கி 3 டெசிபலை மட்டுமே கம்ப்ரசர் வெளியே விடும். வெளிவரும் அளவு மைனஸ் 17. அதாவது 9 டெசிபல் குறைக்கப்பட்டிருக்கிறது. குறைந்த ஒலியளவை ஈடுகட்ட நாம் லெவல் குமிழைத் திருப்பி அந்த 9 டெசிபலைத் திரும்பக் கூட்டுகிறோம். இப்போது உரத்த மீட்டல் பழைய உயரத்திலேயே நிற்கிறது, மெல்லிய மீட்டல்கள் 9 டெசிபல் உயர்ந்துவிட்டன. கூடவே, எதுவும் வாசிக்காத நேரத்தில் வயரில் ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சலும் அதே 9 டெசிபல் உயர்ந்துவிட்டது. மின்னழுத்தக் கணக்கில் இது ஏறத்தாழ 2.8 மடங்கு. உங்கள் பெடல் பழுதாகவில்லை. தனக்கு இட்ட வேலையைத்தான் செய்கிறது.

சஸ்டெய்ன் என்று பெடலில் எழுதியிருப்பதன் பொருளும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மீட்டிய தந்தி முதல் சில பத்து மில்லிசெகண்டுகளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு சில விநாடிகளுக்கு மெல்ல மெல்லத் தேய்கிறது. கம்ப்ரசர் உச்சத்தைத் தாழ்த்தி, ஒலி தேயத் தேயத் தன் பிடியைத் தளர்த்திக்கொள்வதால், வால்பகுதி உயர்ந்து கேட்கிறது. தந்திக்கு அது புதிய ஆற்றல் எதையும் தருவதில்லை. உரத்த ஆம்ப் முன்னே நின்று வாசிக்கும்போது ஒலியலைகள் தந்தியையே அசைத்து நீட்டுகின்றனவே, அது வேறு நிகழ்வு. ஒரே மீட்டலில் பல ஸ்வரங்களை வழுக்கியும் இழுத்தும் கமகம் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு, சுத்தமான ஒலியில் கம்ப்ரசர் தரும் இந்த வால் நீட்சி பெரிய உதவி. இரண்டாவது வளைவு வருவதற்குள் ஒலி அடங்கிப்போகும் குறை நீங்கும். ஸ்லைடு கிட்டாரில் ஈடுபட்டவர்கள் கம்ப்ரசரை நாடுவதும் இதே காரணத்தால்தான்.

இனி, ஆம்ப் செய்யும் அமுக்கத்துக்கு வருகிறேன். இதைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கம்ப்ரசர் பற்றிய பெரும்பாலான விளக்கங்கள் ஸ்டூடியோக் கருவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கிட்டார்க்காரர்களுக்கு முன்னே இருக்கும் ஆம்ப்பை அவை கணக்கில் சேர்ப்பதில்லை.

ட்யூப் ஒன்றுக்கு அது தாங்கக்கூடிய அளவைவிடப் பெரிய சிக்னல் கொடுத்தால், அலையின் தலையும் அடியும் வெட்டுப்படுகின்றன. இதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். உள்ளே வருவது இருமடங்கானாலும் வெளியே போவது சிறிதே கூடுகிறது என்பதால், இதுவும் அமுக்கம்தான். வேறுபாடு என்னவென்றால், வெட்டுப்படுதல் கணநேரத்தில் நிகழ்ந்து அலையின் வடிவத்தையே மாற்றி, புதிய மேற்சுரங்களை உண்டாக்குகிறது; கம்ப்ரசர் பல மில்லிசெகண்டுகள் எடுத்துக்கொண்டு, வடிவத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்து, அளவை மட்டும் குறைக்கிறது. ஓவர்டிரைவ் பெடலில் டையோடுகள் செய்வதும் வெட்டுவதுதான். பிக் மஃப் போன்ற ஃபஸ் பெடல்களில் ஒரே சிக்னல் அடுத்தடுத்து இருமுறை வெட்டப்படுகிறது; அதன் நீண்ட சஸ்டெய்ன் முழுவதும் அப்படிக் கிடைத்ததுதான். அதற்கு முன்னே ஒரு கம்ப்ரசரை வைப்பதால் கூடுதலாக வரக்கூடியது இரைச்சல் மட்டுமே.

வெட்டுப்படுதல் தவிர, ட்யூப் ஆம்ப்பில் மெதுவாக நிகழும் அமுக்கங்களும் உண்டு. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையர் ஒரு ட்யூபாக இருக்கும் ஆம்ப்களில், ஓங்கி ஒரு கார்டு அடித்தவுடன் பவர் ட்யூப்கள் திடீரென்று கூடுதல் மின்னோட்டம் கேட்கின்றன. ரெக்டிஃபையர் ட்யூபின் உள்தடையால் உயர் மின்னழுத்தம் சற்றே தாழ்கிறது. ஒலியும் உடன் தாழ்ந்து, கெப்பாசிட்டர்கள் மறுபடி நிரம்பும்போது மெல்ல எழுகிறது. இதைச் சாக் என்று சொல்கிறார்கள். ஃபெண்டரின் 1950களைச் சேர்ந்த சிறிய டீலக்ஸ் ஆம்ப்பில் 5ஒய்3 என்ற ரெக்டிஃபையர் ட்யூப் இருந்தது. அதில் மின்னழுத்தச் சரிவு அதிகம். பிற்கால டீலக்ஸ் ரிவெர்பிலும் வாக்ஸ் ஏசி30லும் இடம்பெற்ற ஜிஇசட்34ல் அது குறைவு. ட்வின் ரிவெர்பில் சிலிக்கன் டையோடுகள். அங்கே சாக் மிகக் குறைவு. இதன் மேல், ஏசி30 போன்ற கேத்தோடு பயஸ் ஆம்ப்களில் பெரிய சிக்னல் நீடித்தால் பயஸ் நிலையே (ட்யூபின் ஓய்வு மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்) நகர்ந்து இன்னும் கொஞ்சம் அமுக்குகிறது. கடைசியில் ஒலிபெருக்கி. அதன் தாமிரச் சுருள் சூடேறினால் மின்தடை கூடும். 100 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் தடை ஏறத்தாழ 39 சதவீதம் கூடிவிடும். ஆம்ப் அதே அளவில் தள்ளினாலும் ஒலிபெருக்கி வாங்கிக்கொள்ளும் ஆற்றல் குறைகிறது.

பிற ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் மாடலிங் ஆம்ப்கள் சிலவற்றில் சாக் என்ற பெயரிலேயே ஒரு அமைப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையும் கம்ப்ரசரின் உறவினராகவே கொள்ள வேண்டும். இரண்டையும் ஒருசேர உயர்த்திவிட்டு, ஒலியில் உயிர் இல்லையே என்று வருந்துகிறவர்கள் பலர்.

வீட்டு அமைப்பு மேடையில் பின்வாங்குவது ஏன் என்பது இப்போது தெளிவாகும். வீட்டில் அண்டை அயலாரை நினைத்து அரை வாட் அளவில் வாசிக்கிறீர்கள். டிரம்ஸோடு வாசிக்கும்போது 15 வாட்டையும் கேட்கிறீர்கள். இடைவெளி 30 மடங்கு, அதாவது 15 டெசிபல் அளவுக்கு. வீட்டில் அந்த ஆம்ப் எதையும் அமுக்கவில்லை. அதனால் கம்ப்ரசர் 9 டெசிபல் குறைத்தாலும் இனிமையாக இருந்தது. குழுவோடு வாசிக்கும்போது பவர் ட்யூப்களும் ஒலிபெருக்கியும் தம் பங்குக்கு அமுக்கத் தொடங்கிவிட்டன. மீட்டலின் முதல் தட்டு, அதாவது டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவே உங்களை அடையாளம் காட்டும் அந்தக் கூர்மை, இருமுறை தேய்க்கப்பட்டு மழுங்கிப்போகிறது. தொடக்க காலத்தில் எனக்கும் இது நேர்ந்தது. அறையில் ஒரு வாரம் உட்கார்ந்து அமைத்த ஒலி, மண்டபத்தில் முதல் பாட்டிலேயே கேட்காமல் போனது. ஆம்ப்பின் ஒலியளவைக் கூட்டக் கூட்ட நிலைமை மோசமானது. கம்ப்ரசரை அணைத்தவுடன் கிட்டார் முன்னே வந்தது. அன்றிலிருந்து, வாசிக்கப்போகும் ஒலியளவில்தான் கம்ப்ரசரை அமைக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறேன்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். கம்ப்ரசர் பெடல் மிகவும் பயன்படுவது, தானாக அமுக்காத ஆம்ப்களில். அமெரிக்க கன்ட்ரி இசையில் டெலிகாஸ்டரும் ட்வின் ரிவெர்ப் போன்ற பெரிய சுத்தமான ஆம்ப்பும் சேரும் இடத்தில் கம்ப்ரசர் ஏறக்குறைய நிலையான துணை. விரலாலும் பிக்காலும் மாறி மாறிச் சுண்டும் குறுகிய ஸ்வரங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பதற்கு அது வேண்டும். 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 டிரான்சிஸ்டர் ஆம்ப். 120 வாட் இருப்பு இருப்பதால் சாதாரணமாக வாசிக்கும்போது எதையும் அமுக்காது. அதன் முன்னே ஒரு நல்ல கம்ப்ரசரை வைத்தால் ட்யூப் ஆம்ப்பிடம் விரல்கள் உணரும் இழுவையில் ஒரு பகுதியாவது கிடைக்கும். மாறாக, ஏற்கெனவே கரகரக்கும் நிலையில் உள்ள சிறிய ட்யூப் ஆம்ப்புக்குக் கம்ப்ரசர் பெரும்பாலும் தேவையில்லை. உங்கள் 15 வாட் ஆம்ப் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: தாழ்ந்த ஒலியளவில் முதல் வகை, உயர்ந்த ஒலியளவில் இரண்டாம் வகை.

ஓவர்டிரைவோடு குழைந்து போவது பற்றி. நீங்கள் கம்ப்ரசரை ஓவர்டிரைவுக்கு முன்னே வைத்திருக்கிறீர்கள் என்று கொள்கிறேன். வழக்கமான வரிசை அதுதான். மெல்லிய மீட்டலுக்கும் ஓங்கிய மீட்டலுக்கும் இடையே 20 டெசிபல் வேறுபாடு இருந்தால், ஓவர்டிரைவ் முதலாவதைச் சுத்தமாகவும் இரண்டாவதைக் கரகரப்பாகவும் தரும். அந்தப் பெடலின் அழகே அதுதான். 4:1 கம்ப்ரசர் நடுவே வந்தால், வரம்புக்கு மேலே உள்ள அந்த 20 டெசிபல் 5 ஆகிவிடுகிறது. கிட்டாரின் வால்யூம் குமிழை 12 டெசிபல் இறக்கி ஒலியைச் சுத்தப்படுத்த நினைத்தாலும், ஓவர்டிரைவுக்குப் போய்ச் சேரும் குறைவு 3 டெசிபல்தான். விரலாலும் குமிழாலும் நீங்கள் செய்யும் எதுவும் ஓவர்டிரைவின் காதில் விழுவதில்லை. இதோடு கம்ப்ரசரின் லெவல் குமிழும் உயர்ந்திருந்தால், எல்லா ஸ்வரங்களும் எப்போதும் ஓவர்டிரைவை அதன் உச்சத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். அதுதான் நீங்கள் சொல்லும் குழைவு.

ஆகவே இரண்டையும் ஒன்றாக அழுத்துவதை முதலில் நிறுத்திப் பாருங்கள். சுத்தமான பகுதிக்குக் கம்ப்ரசர், கரகரப்பான பகுதிக்கு ஓவர்டிரைவ். பெரும்பாலான பாடல்களுக்கு இதுவே போதும். தனி வாசிப்பில் நீளமான, ஏற்ற இறக்கமற்ற, பாடுவதுபோன்ற வரி ஒன்று வேண்டும் என்றால் மட்டும் இரண்டையும் சேருங்கள். அப்போது ஓவர்டிரைவின் கெய்னை வழக்கத்தைவிட நன்றாக இறக்கிவிடுங்கள். டேவிட் கில்மர் 1970களின் இறுதியில் கம்ப்ரசரை டிஸ்டார்ஷனோடு சேர்த்துப் பயன்படுத்தியவர். அவருக்குப் பின்னே இருந்தவை பெரிய ஒலியளவிலும் சுத்தமாக நிற்கும் 100 வாட் ஹைவாட் ஆம்ப்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆம்ப் அமுக்காத இடத்தைப் பெடல்கள் நிரப்பின.

கம்ப்ரசரை ஓவர்டிரைவுக்குப் பின்னே வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் அங்கே அதற்கு வேலை குறைவு. வெட்டுப்பட்ட ஒலி ஏற்கெனவே சமதளமானது. பின்னே நிற்கும் கம்ப்ரசர் மீட்டலின் மிச்சக் கூர்மையையும் எடுத்துவிட்டு, ஓவர்டிரைவ் பெருக்கிய இரைச்சலை இன்னும் ஒருமுறை பெருக்கும். இரண்டு மூன்று ஓவர்டிரைவ் பெடல்களின் ஒலியளவை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர, 2:1 போன்ற மென்மையான ரேஷியோவில் அங்கே வைப்பதில் பொருள் உண்டு. வேறு காரணத்துக்காக நான் அங்கே வைப்பதில்லை.

மற்ற பெடல்களைப் பொறுத்தவரை சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்கள் கிட்டாரின் பிக்கப்போடு (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) நேரடியாக இணைந்திருந்தால்தான் சரியாக நடந்துகொள்ளும். எனவே அவை கம்ப்ரசருக்கும் முன்னே. மீட்டலின் பலத்தைப் பார்த்துத் திறந்து மூடும் ஆட்டோ-வா பெடலும் கம்ப்ரசருக்கு முன்னேதான். இல்லாவிட்டால் அதற்குப் பலமும் மென்மையும் ஒன்றாகவே தெரியும், அசையாமல் நின்றுவிடும். வால்யூம் பெடலைக் கம்ப்ரசருக்குப் பின்னே வையுங்கள். முன்னே வைத்தால் நீங்கள் காலால் குறைப்பதைக் கம்ப்ரசர் கையால் கூட்டிக்கொண்டே இருக்கும். டிலே கடைசியில். டிலேக்குப் பின்னே கம்ப்ரசர் வந்தால், வரிசையாகத் தேய வேண்டிய எதிரொலிகள் நீங்கள் நிறுத்தியதும் எழும்பி நிற்கும். ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்ப்பின் முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே பெடல்களைச் சேர்க்கும் இணைப்பு) கிட்டார் பெடலை இணைக்கும் முன், அந்த லூப்பின் சிக்னல் அளவை அந்தப் பெடல் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள்; 9 வோல்ட்டில் ஓடும் பல கம்ப்ரசர்கள் அங்கே அமுக்குவதற்குப் பதில் உடைந்து ஒலிக்கும்.

இரைச்சலுக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் கேள்வியில் அதற்குத்தான் அதிக வருத்தம் தெரிகிறது. எம்எக்ஸ்ஆர் நிறுவனம் 1970களில் வெளியிட்ட டைனா காம்ப், ஆர்சிஏவின் சிஏ3080 என்ற சிப்பைச் சுற்றி அமைந்தது. பெடல் கம்ப்ரசர்களில் மிகுதியாகப் பின்பற்றப்பட்ட சுற்று அதுவே. ராஸ் கம்ப்ரசரும் அதன் வழி வந்த பல இன்றைய பெடல்களும் அதே குடும்பம். அந்தச் சுற்றில் சிக்னல் இல்லாத நேரத்தில்தான் பெருக்கம் உச்சத்தில் இருக்கும். சிக்னல் வளர வளரப் பெருக்கம் தாழ்த்தப்படும். நீங்கள் கையை எடுத்ததும் அது முழுப் பலத்தோடு வயரில் இருப்பதைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது. அதில் இருப்பவை பெடலின் சொந்தச் சீறல், ஒற்றைச் சுருள் பிக்கப் வாங்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரம், மலிவான அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்குச் சங்கிலிபோல் போகும் மின்சாரத்தின் கசிவு.

எனவே மருந்தைக் கம்ப்ரசருக்கு முன்னே தேட வேண்டும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி இணைப்புள்ள மின்வழங்கி, நல்ல கேபிள், ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் விளக்கு டிம்மரிலிருந்தும் விலகி நிற்பது, உங்கள் கிட்டாரில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்த நடு நிலையில் ரீங்காரம் குறைகிறதா என்று பார்ப்பது (இரண்டாவது சுருள் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருந்தால் குறையும்) ஆகியவை முதலில். நாய்ஸ் கேட் (சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனதும் ஒலியை அடைத்துவிடும் கருவி) வாங்கினால் அதைக் கம்ப்ரசருக்கு முன்னே வையுங்கள். கம்ப்ரசருக்குப் பின்னே இசைக்கும் இரைச்சலுக்கும் இடையிலான இடைவெளி குறுகிவிட்டிருக்கும். அங்கே வைத்த கேட் இரைச்சலோடு உங்கள் ஸ்வரத்தின் வாலையும் வெட்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, அமுக்கும் அளவைக் குறையுங்கள். 9 டெசிபலுக்குப் பதில் 4 டெசிபல் குறைத்தால், இரைச்சலும் 5 டெசிபல் இறங்கிவிடும்; ஒலியின் அழகில் பெரும்பகுதி அந்த முதல் 4 டெசிபலிலேயே கிடைத்துவிடுகிறது.

அட்டாக், ரிலீஸ் என்ற இரண்டு நேரங்களும் விரலுக்குத் தெரிபவை. அட்டாக் என்பது வரம்பு தாண்டிய பிறகு கம்ப்ரசர் இறுக எடுத்துக்கொள்ளும் நேரம். அது 20 முதல் 40 மில்லிசெகண்ட் அளவில் இருந்தால், பிக் தந்தியைத் தட்டும் முதல் ஓசை தப்பித்து வெளியே வந்துவிடும், உடல்பகுதி மட்டும் அமுங்கும். தட்டு முன்பைவிடக் கூர்மையாகக்கூடத் தோன்றும். ஓரிரு மில்லிசெகண்டுக்கு இறக்கினால் தட்டும் அமுங்கி, ஒலி உருண்டையாக, ஆர்கன்போல நகரும். ரிலீஸ் என்பது பிடியைத் தளர்த்தும் நேரம். மிக நீண்டால், ஓங்கி அடித்த ஒரு கார்டு அடுத்து வரும் மெல்லிய ஸ்வரங்களையும் அமுக்கிவிடும். மிகக் குறுகினால் வேறொரு கேடு: கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, அதன் ஓர் அலைக்கே 12 மில்லிசெகண்ட் ஆகும். அதைவிட வேகமாக இறுகித் தளரும் கம்ப்ரசர், ஒலியளவை விட்டுவிட்டு அலையின் ஏற்ற இறக்கத்தையே பின்தொடரும். தாழ்ந்த ஸ்வரங்களில் மட்டும் ஒரு கரகரப்பு கேட்டால் காரணம் இதுதான். நிமிடத்துக்கு 120 துடிப்பு உள்ள பாடலில் ஒரு துடிப்பு 500 மில்லிசெகண்ட். அடுத்த துடிப்புக்குள் பிடி தளர்ந்துவிடும்படி 200 முதல் 300 மில்லிசெகண்ட் என்று தொடங்கினால் பெரும்பாலும் பொருந்தும்.

அட்டாக் குமிழ் எந்தத் திசையில் திரும்பினால் வேகம் என்பதில் கருவிகளுக்குள் ஒற்றுமை இல்லை. பில் புட்னம் 1967இல் கொண்டுவந்த 1176 ஸ்டூடியோ கம்ப்ரசரில் வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். நேரம் கூடும்படி அமைந்தவையும் பல. எழுத்தை நம்பாமல் காதை நம்புங்கள். அந்த 1176 எஃப்இடி என்ற டிரான்சிஸ்டர் வகையால் இயங்குவது, அதன் அட்டாக் 20 முதல் 800 மைக்ரோசெகண்ட் வரை என்னும் அளவுக்கு வேகம். அதைப் பின்பற்றிய பெடல்களில் ஒலிக்கு ஒரு முறுக்கு வரும். 1960களின் டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ ஒளியால் இயங்குவது. சிக்னல் ஒரு விளக்குத் தகட்டை ஒளிரச் செய்ய, ஒளியுணரும் மின்தடை அளவைக் குறைக்கிறது. அதன் பிடி முதலில் பாதி வேகமாகவும் மீதி விநாடிக்கணக்கிலும் தளர்வதால், அமுக்கம் நடப்பதே தெரியாமல் நடக்கும். ஒளிவகைப் பெடல்களில் இந்தச் சாயலைக் கேட்கலாம். சுத்தமான ஆம்ப்பில் எப்போதும் அணைக்காமல் வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு ஒளிவகையையே நான் சொல்வேன்; அமுக்கம் காதில் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு டைனா காம்ப் குடும்பம். பாஸ் சிஎஸ்-3 (1986 முதல் வருவது) அட்டாக்கும் டோனும் தனிக் குமிழ்களாகக் கொண்டிருப்பதால், கற்றுக்கொள்ள நல்ல கருவி.

அமைக்கும் முறையைச் சொல்கிறேன். நீங்கள் வாசிக்கப்போகும் ஒலியளவில் ஆம்ப்பை வையுங்கள். சஸ்டெய்ன் குமிழை வேண்டுமென்றே முழுவதும் திருப்பி, அமுக்கம் மிகையாகக் கேட்கும் நிலையில், ஒற்றைத் தந்தியில் குறுகிய மீட்டல்களை வாசித்து அட்டாக்கை முடிவு செய்யுங்கள். பிக்கின் தட்டு எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் கேளுங்கள். பிறகு ஸ்ட்ரம்மிங் செய்து, அடுத்த அடிக்குள் ஒலி மீண்டெழும்படி ரிலீஸ். அதன்பின் சஸ்டெய்ன் குமிழை இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓங்கி அடித்த கார்டு 4 முதல் 6 டெசிபல் அமுங்கி, மெல்லிய மீட்டல் ஏறக்குறைய தொடப்படாமல் போகும் இடத்தில் நில்லுங்கள். பெடலில் அளவுகாட்டி இல்லாவிட்டால், அமுக்கம் காதுக்குத் தெரியும் இடத்திலிருந்து சிறிது பின்வாங்குங்கள். இரண்டே குமிழ் உள்ள பெடல் என்றால் அட்டாக்கும் ரிலீஸும் உள்ளே நிலையாக அமைந்திருக்கும். உங்கள் கையில் மிஞ்சுவது கடைசிப் படி மட்டும்.

லெவல் குமிழை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதைத் தனியே சொல்ல வேண்டும். இரண்டு ஒலிகளில் சிறிது உரத்ததே நம் காதுக்கு நல்லதாகத் தோன்றும். கம்ப்ரசரை அழுத்தும்போது ஒலியளவு 2 டெசிபல் கூடினாலும், ஒலி செழித்துவிட்டது என்று மனம் ஏற்றுக்கொள்ளும். அழுத்தும் முன்னும் பின்னும் ஓங்கிய கார்டு ஒரே உயரத்தில் கேட்கும்படி லெவலை அமைத்த பிறகுதான், கம்ப்ரசர் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரியும். அப்படிச் சமப்படுத்திய பிறகு, தேவையில்லை என்று நீங்கள் அதை அணைத்துவிட்டால் அதுவும் சரியான முடிவே.

உங்கள் பெடலில் பிளெண்ட் குமிழ் இருந்தால் ஓவர்டிரைவுச் சிக்கலுக்கும் அது ஓரளவு விடை. அமுக்காத சிக்னலைப் பாதியளவு கலக்கும்போது, ஓங்கிய மீட்டலின் தட்டு நேர்வழியில் முழுதாக வருகிறது. மெல்லிய வால்பகுதியை அமுக்கிய வழி தாங்குகிறது. கூட்டிப் பார்த்தால் ஏற்ற இறக்கம் சற்றே குறைந்திருக்கும், மழுங்கியிருக்காது. ஓவர்டிரைவுக்கும் உங்கள் விரலின் பலம் போய்ச் சேரும். பிளெண்ட் உள்ள பெடலில் நான் அதைப் பாதிக்கு மேல் கொண்டுபோவது அரிது.

வீட்டுப் பதிவைப் பொறுத்தவரை, விடை ஒலியின் வகையைப் பொறுத்தது. சுத்தமான ஒலியைப் பெடல் கம்ப்ரசரோடு வாசித்தால்தான் கை நன்றாக ஓடுகிறது என்றால் அதோடு பதிவு செய்யுங்கள். வாசிப்பே அந்த அமுக்கத்துக்குப் பதிலாக உருவாகிறது, பிறகு கணினியில் சேர்த்தால் அந்த வாசிப்பு வராது. 1965இல் பேர்ட்ஸ் குழுவின் ராஜர் மக்வின் ரிக்கன்பேக்கர் 12 தந்திக் கிட்டாரில் கேட்ட அந்தப் பளபளப்பான நீண்ட ஒலி, பதிவிலேயே பலமாகக் கம்ப்ரஸ் செய்ததால் பிறந்தது. ஆனால் ஒருமுறை அமுக்கிப் பதிந்ததைப் பிறகு விரிக்க இயலாது என்பதால், ஆடியோ இன்டர்ஃபேஸில் இன்னொரு தடம் இருந்தால் கிட்டாரிலிருந்து நேராக வரும் சிக்னலையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள். கலவை செய்யும்போது சுத்தமான தாளக் கிட்டாருக்கு மேலும் 2 அல்லது 3 டெசிபல் அமுக்கம் போதும்.

கரகரப்பான கிட்டாருக்குக் கலவையில் பொதுவான கம்ப்ரசர் வேண்டியதில்லை. அலைவரைபடத்தைப் பார்த்தாலே அது ஒரு செங்கல்போல் நிற்பது தெரியும். ஒரே விதிவிலக்கு, உள்ளங்கையைத் தந்திகளில் அழுத்தி வாசிக்கும் பாம் மியூட். அதில் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் பகுதி மட்டும் ஒவ்வொரு அடியிலும் பூதாகாரமாகக் குதிக்கும். ஒலியைத் தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த பட்டைகளாகப் பிரித்துத் தனித்தனியே அமுக்கும் மல்ட்டிபேண்ட் கம்ப்ரசரில் அந்தப் பட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து, பாம் மியூட் வரும்போது 4 அல்லது 5 டெசிபல் குறையும்படியும் திறந்த கார்டுகளில் அசையாதபடியும் வரம்பை வையுங்கள். பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் அந்த இடம் காலியாகக் கிடைக்கும். மேலே இருக்கும் கிட்டார் ஒலி தொடப்படாமல் நிற்கும்.